லூப்பின் செடிதானா? இலை, பூ, காய் பார்த்து உறுதி செய்வது எப்படி?

வெயில்முற்றம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கலவைப் பூவிதைப் பொட்டலம் ஒன்றைப் பாத்தியில் தூவியிருந்தேன். உள்ளே என்னென்ன விதை என்று உறையில் எழுதவில்லை, அவரைக் குடும்பத்துப் பூச்செடியான லூப்பினின் பூப்படம் மட்டும் பெரிதாக இருந்தது. இப்போது களை எடுக்கும் நேரம். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று தெரியவில்லை.

முதல் வகையில் ஒரே காம்பின் நுனியில் ஏழெட்டுச் சிற்றிலைகள் சுற்றிலும் விரிந்து நிற்கின்றன, ஓரத்தில் பல் எதுவும் இல்லை. இரண்டாவதும் கிட்டத்தட்ட அப்படியேதான், ஆனால் ஐந்து சிற்றிலைகள்தான், தொட்டால் கை பிசுபிசுக்கிறது. மூன்றாவதில் இலை ஆழமாகக் கிழிந்த மாதிரி இருக்கிறது, அது தனித்தனிச் சிற்றிலையா, ஒரே இலையின் மடல்களா என்றே பிடிபடவில்லை. மூன்றும் இன்னும் பூக்கவில்லை. மூன்றாவதில் மட்டும் மொட்டுக் கதிர் எழும்புகிறது.

இது போதாதென்று தெரிந்தவர் ஒருவர் "இதுவும் லூப்பின்தான்" என்று சொல்லிக் காய்ந்த காய்கள் கொஞ்சம் கொடுத்தார். கறுத்து, உப்பி, குலுக்கினால் உள்ளே விதை உருளும் சத்தம் கேட்கிறது. படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது. பெயர் மட்டும் சொல்லாமல், எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள், அடுத்த முறை நானே பார்த்துக்கொள்வேன்.

இலைநரம்பு பதில்:

பூ இல்லாத நேரத்தில் இலையை வைத்தே நிறையச் சொல்லலாம், ஆனால் பார்க்க வேண்டிய இடம் சிற்றிலைகளின் எண்ணிக்கை இல்லை. எல்லோரும் முதலில் எண்ணத்தான் தொடங்குகிறார்கள். லூப்பினில் ஒரே செடியிலேயே எண்ணிக்கை மாறும், அடியில் உள்ள இலையில் அதிகமாகவும் கதிருக்குப் பக்கத்தில் குறைவாகவும் இருக்கும், நாற்றுப் பருவத்தில் வரும் முதல் இலைகளில் இன்னும் குறைவு. தோட்டங்களில் பரவலாக உள்ள லூப்பினஸ் பாலிஃபில்லஸ் இனத்தில் 9 முதல் 17 வரை இருக்கும், டெக்சாஸின் நீலப்பூ லூப்பினில் பெரும்பாலும் 5தான். எண்ணி மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் சிற்றிலைகள் சேரும் இடத்தைப் பாருங்கள். லூப்பினில் எல்லாச் சிற்றிலைகளும் குடைக் கம்பிகள் போல ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும், எதற்கும் தனியாகக் காம்பு கிடையாது. ஒவ்வொன்றும் அடியில் குறுகி, நடுவுக்கு மேலே அகலமாகி, நுனியில் மறுபடி கூராகவோ மழுங்கியோ முடியும். ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பல் இருந்தாலும் அது லூப்பின் இல்லை என்று தள்ளிவிடலாம். இந்த ஒரு சோதனையிலேயே பொட்டென்டில்லா, குதிரைக் கஷ்கொட்டைக் கன்று, கஞ்சா என்று பல செடிகள் கழிந்துபோகும்.

அப்புறம் ரோமம். இளம் இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பட்டு மினுமினுப்பு தெரியும். சில இனங்களில் இரண்டு பக்கமும் ரோமம் அடர்ந்து இலையே வெள்ளி நிறமாக இருக்கும், பாலிஃபில்லஸில் மேல்பக்கம் வழுவழுப்பாகவும் கீழ்ப்பக்கம் லேசான ரோமத்தோடும் இருக்கும். விடிகாலையில் போனால் சிற்றிலைகள் கூடும் நடுப்புள்ளியில் ஒரு பெரிய நீர்த்துளி உருண்டு நிற்பதைப் பார்க்கலாம். அதை மட்டும் சான்றாக எடுக்க வேண்டாம், வேறு சில செடிகளிலும் நீர் அப்படி நிற்கும். ஆனால் மற்றவை பொருந்தும்போது அது நல்ல துணைச் சான்று.

கடைசியாகக் காம்பு தண்டோடு சேரும் இடம். அங்கே இரண்டு மெல்லிய இலையடிச் செதில்கள் காம்பின் அடியோடு ஒட்டியிருக்கும், நுனி மட்டும் ஊசி மாதிரி விலகி நிற்கும். உங்கள் இரண்டாவது வகையில் அந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். அங்கே சின்ன முள் இருந்தால் அது தோட்டத்துக் கிளியோம், நம் நல்வேளையின் உறவு. பிசுபிசுப்பு என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. லூப்பினில் ரோமம் இருக்கும், பிசின் சுரப்பு இருக்காது. கிளியோம் இலையைக் கசக்கினால் கடுமையான வாடையும் அடிக்கும்.

மூன்றாவதற்கு ஒரு வழி: ஒரு இலையைப் பறித்து ஒரு மடலை மட்டும் அடியோடு கிள்ளிப் பாருங்கள். கூட்டிலை என்றால் அந்தச் சிற்றிலை தன் மூட்டில் சுத்தமாகக் கழன்று வரும். பக்கத்து மடலின் சதையும் சேர்ந்து கிழிந்தால் அது ஒரே இலை. லூப்பின் மாதிரியே கதிராகப் பூக்கும் வேறொரு செடியான டெல்ஃபினியமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மஞ்சரி பதில்:

இலைநரம்பு சொன்னது எல்லாம் சரிதான், ஆனாலும் இலையை மட்டும் வைத்து "லூப்பின்தான்" என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கமாட்டேன். "லூப்பினாக இருக்கலாம்" என்ற அளவில்தான் இலை நம்மைக் கொண்டு விடும். காரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. லூப்பினாக இருந்தும் கூட்டிலை இல்லாத இனங்கள் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கு மணல்வெளிகளில் வளரும் லூப்பினஸ் வில்லோசஸ், லூப்பினஸ் டிஃப்யூசஸ் இரண்டுக்கும் தனி இலைதான், பிரேசில் பக்கமும் இப்படித் தனியிலை இனங்கள் இருக்கின்றன. மறுபக்கம், அவரைக் குடும்பத்திலேயே விரல் மாதிரி பிரிந்த இலையோடு வேறு செடிகள் இருக்கின்றன. கிலுகிலுப்பை இனங்களில் ஒன்றான குரோட்டலேரியா குயின்க்யூஃபோலியாவுக்கு ஐந்து சிற்றிலை, ஓரத்தில் பல் கிடையாது, மஞ்சள் பூ கதிராக வரும். இலையை மட்டும் பார்த்தால் யாரும் தடுமாறுவார்கள்.

ஆகவே பூ வரும்வரை பொறுங்கள். வந்ததும் ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள், மனதுக்கு நிறைவான வேலை அது.

மேலே நிற்பது கொடி அல்லி (அல்லி என்றால் பூவிதழ்). லூப்பினில் அதன் இரண்டு பக்கமும் பின்னோக்கி மடங்கியிருக்கும், நடுவில் பெரும்பாலும் வெள்ளை அல்லது மஞ்சள் புள்ளி. கீழே இரண்டு சிறகு அல்லிகள் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டி உப்பலாக நிற்கும், படகு அல்லி முழுவதும் அதற்குள் மறைந்திருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சிறகுகளை மெதுவாகப் பிரித்தால் மேல்நோக்கி வளைந்த கூரான அலகு ஒன்று வெளிப்படும், அதுதான் படகு அல்லி. புதிதாக விரிந்த பூவில் சிறகுகளை விரலால் கீழே அழுத்துங்கள், அலகின் நுனித் துளை வழியாக மகரந்தம் நூல் மாதிரி பிதுங்கி வரும். தேனீ வந்து உட்காரும்போது நடப்பதும் இதேதான். லூப்பின் பூவில் தேன் கிடையாது, வரும் தேனீக்கு மகரந்தம்தான் கூலி.

உறுதியான சான்று அதற்கும் உள்ளே இருக்கிறது. படகு அல்லியைக் கிழித்தால் பத்து மகரந்தத்தாள்களும் அடியில் ஒரே குழாயாக இணைந்திருக்கும், நுனியில் ஐந்து மகரந்தப்பைகள் நீளமாகவும் ஐந்து சிறிதாக உருண்டும் மாறி மாறி இருக்கும். பட்டாணிப் பூவைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனியாகவும் இருக்கும். லூப்பினோடு அடிக்கடி குழம்பும் பாப்டீசியா, தெர்மாப்சிஸ் இரண்டிலும் பத்துமே தனித்தனி, அவற்றின் இலையிலும் மூன்று சிற்றிலைகள்தான். கிலுகிலுப்பையில் மட்டும் லூப்பினைப் போலவே இணைந்த குழாயும் இரண்டு வகை மகரந்தப்பையும் உண்டு. அதைப் பிரிக்கக் காய்க்குத்தான் போக வேண்டும்.

டெல்ஃபினியம் என்றால் பூ வந்த அன்றே தெரிந்துவிடும். பூவுக்குப் பின்னால் நீண்ட வால் போன்ற முள்ளொன்று நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து கதிர் மட்டும் பார்த்தால் லூப்பின் மாதிரி, கிட்டே போனால் அவரைப் பூவின் அமைப்பே இல்லை.

இன்னொன்று, நிறத்தைப் பார்த்து இனம் சொல்லாதீர்கள். தோட்டத்து லூப்பின்களில் பெரும்பகுதி ரஸ்ஸல் கலப்பினங்கள். ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்தின் யார்க்கில் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்து 1937ல் காட்சிக்கு வைத்தவை. சிவப்பு, மஞ்சள், இரட்டை நிறம் என்று எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். ஒரே பூவும் நிறம் மாறும்: டெக்சாஸ் லூப்பினில் கொடி அல்லியின் வெள்ளைப் புள்ளி பூவுக்கு வயதானதும் செந்நீலமாகிவிடும், தேனீக்கள் வெள்ளைப் புள்ளி உள்ள பூக்களையே அதிகம் தேடிப் போகும்.

வெயில்முற்றம்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது வகையின் காம்படியில் சின்ன முள் இருக்கிறது, கசக்கினால் வாடையும் அடிக்கிறது, அப்படியானால் கிளியோம்தான். மூன்றாவதைக் கிள்ளினேன், பக்கத்து மடலும் சேர்ந்து கிழிந்தது. நேற்று முதல் மொட்டு விரிந்தது, பின்னால் அந்த வால் தெளிவாகத் தெரிகிறது. முதல் வகையில் பல் இல்லை, பிசின் இல்லை, காம்படியில் ஒட்டிய செதில் இருக்கிறது. இப்போது கதிரும் தலை காட்டுகிறது, பூத்ததும் மஞ்சரி அக்கா சொன்னபடி பிரித்துப் பார்க்கிறேன். அந்தக் கறுத்த காய் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

நெற்றுக்குலை பதில்:

காய்க்கு நான் வருகிறேன். உப்பியிருக்கிறது, குலுக்கினால் சத்தம் வருகிறது என்றால் அது லூப்பின் இல்லை. லூப்பின் நெற்று தட்டையானது, உள்ளே இருக்கும் விதைகள் வெளியே மேடாகத் தெரியும், விதைக்கும் விதைக்கும் நடுவில் ஓரம் லேசாக உள்வாங்கியிருக்கும். மேல்தோல் முழுக்க ரோமம், பச்சையாக இருக்கும்போது தடவினால் வெல்வெட் மாதிரி. உங்களிடம் உள்ளது கறுத்து, தடித்த ஓட்டோடு, ரோமம் இல்லாமல், காய்க்கு அடியில் குட்டையான காம்பும் நுனியில் கூரான மூக்கும் இருந்தால் பாப்டீசியா. வெளிர்பழுப்பாக, ஓடு மெலிந்து, ஊதிய பை மாதிரி இருந்தால் கிலுகிலுப்பை.

லூப்பின் நெற்றுக்கு இன்னொரு அடையாளம் அது வெடிக்கும் விதம். காய்ந்து கரும்பழுப்பு ஆனதும் வெயில் ஏறும் நேரத்தில் படாரென்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு பாதியும் திருகிச் சுருண்டு விதையைத் தூர எறியும். நெற்றுச் சுவரில் உள்ள நார்கள் சாய்வாக ஓடுவதால் காயும்போது இரண்டு பாதியும் முறுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன, தையல் தாங்காத கணத்தில் வெடிக்கிறது. அதனால் காய்ந்த செடியில் சுருண்ட வெற்று ஓடுகளே கிடைத்தாலும் அதுவும் தடயம்தான். கிளியோம் காய் இப்படி இருக்காது, மெல்லிசாக நீண்டு, தனிக் காம்பின் நுனியில் தொங்கும், உள்ளே பொடி விதை நிறைய. டெல்ஃபினியத்தில் ஒரே பூவிலிருந்து மூன்று சிறு காய்கள் சேர்ந்து நிமிர்ந்து நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் திறக்கும்.

வட அமெரிக்கப் புல்வெளியில் செடி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பீடியோமெலம் என்ற செடி உண்டு, ஐந்து சிற்றிலை, ஓரத்தில் பல் இல்லை, வெள்ளை ரோமம், நீலப் பூ, அப்படியே லூப்பின்தான் என்று தோன்றும். அதன் காயில் ஒரே ஒரு விதைதான் இருக்கும். லூப்பினில் பொதுவாகப் பல விதைகள் வரிசையாக இருக்கும், பாலிஃபில்லஸ் நெற்று 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம்.

விதையும் பேசும். வெள்ளை லூப்பின் விதை பெரியது, தட்டை, வெளிர் நிறம், கிட்டத்தட்ட சதுரம். மஞ்சள் லூப்பின் விதை சிறியது, வெளிர் நிறத்தின் மேல் கறுப்புப் பொட்டுகள் தெளித்திருக்கும். பாலிஃபில்லஸ் விதை இன்னும் சிறியது, பழுப்பு கறுப்பு கலந்த புள்ளிகளோடு இருக்கும்.

புதுத்துளிர்:

குறுக்கே ஒரு கேள்வி. இது லூப்பின் பேரினம் என்று உறுதியானதும் எந்த இனம் என்று எப்படிப் பிரிப்பது? படங்களில் எல்லாம் ஒன்று போலவே தெரிகின்றன.

மஞ்சரி பதில்:

இருநூறுக்கும் மேல் இனங்கள் இருக்கின்றன, பெரும்பகுதி அமெரிக்கக் கண்டங்களில், ஒரு சிறு தொகுதி மட்டும் மத்தியதரைக் கடலைச் சுற்றியும் ஆப்பிரிக்காவிலும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இனங்கள் தங்களுக்குள் கலந்துகொள்வதால் அங்கே பழகிய கண்களுக்கே சிரமம். இலையின் மேல்பக்கத்தில் ரோமம் உண்டா, கொடி அல்லியின் முதுகில் ரோமம் உண்டா, படகு அல்லியின் ஓரத்தில் ரோமம் உண்டா என்று பார்த்துப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அதனால் படம் எடுத்தால் பூவின் முதுகையும் இலையின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள், முன்பக்கப் படம் மட்டும் போதாது.

பயிராகும் மத்தியதரை இனங்கள் மட்டும் என்றால் எளிது. சிற்றிலை நூல் மாதிரி, சில மில்லிமீட்டர் அகலமே இருந்தால் லூப்பினஸ் அங்குஸ்டிஃபோலியஸ், பூ பெரும்பாலும் நீலம். மஞ்சள் பூ வட்ட வட்டமாக இடைவெளி விட்டு அடுக்கியிருந்து நல்ல மணமும் வந்தால் லூட்டியஸ். அதே மஞ்சளோடு தண்டு மரத்துப்போய்ப் புதராக நின்றால் அது கலிஃபோர்னியாவின் ஆர்போரியஸ். வெள்ளைப் பூ, அகன்ற சிற்றிலை, விரல் நீளத்துக்குத் தடித்த நெற்று என்றால் ஆல்பஸ். டெக்சாஸில் இரண்டு நீல இனங்களைக் குழப்பிக்கொள்வார்கள்: சிற்றிலை நுனி கூராக, கதிரின் உச்சி வெள்ளையாக இருந்தால் டெக்சென்சிஸ், நுனி மழுங்கி, சிறகு அல்லி உப்பி, வெள்ளை உச்சி இல்லாமல் இருந்தால் சப்கார்னோசஸ். 1901ல் மாநிலப் பூவாக அறிவிக்கப்பட்டது சப்கார்னோசஸ், மற்ற இனங்களையும் 1971ல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

கசப்புவேர் பதில்:

அடையாளம் பற்றிப் பேசுகிற இடத்தில் இதையும் சொல்லியாக வேண்டும். அவரைக்காய் மாதிரி இருக்கிறதே என்று தோட்டத்து லூப்பின் காயையோ விதையையோ யாரும் சாப்பிட வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் நெற்று முற்றும் காலத்தில் கவனம் தேவை. லூப்பானின், ஸ்பார்ட்டின் போன்ற ஆல்கலாய்டுகள் (கசப்பான நச்சுப்பொருள்கள்) விதையில் அதிகம். வாய் வறட்சி, கண்மணி விரிதல், தலைசுற்றல், குழப்பம் என்று அறிகுறி வரும். வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், சூடு அதை அழிக்காது. உணவுக்குப் பயன்படும் கசப்பு விதைகளை வேகவைத்த பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை வெளியேற்றித்தான் சாப்பிடுகிறார்கள். கசப்பு குறைந்த இனிப்பு வகைகள் தனியாக உருவாக்கப்பட்டவை. இலையையோ பூவையோ பார்த்து அது இனிப்பு வகையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லூப்பினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு உறையில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் அதுவும் ஒன்று.

கால்நடை வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். சில மேற்கு அமெரிக்க இனங்களில் அனாகைரின் என்ற பொருள் உண்டு, சினை மாடு குறிப்பிட்ட மாதங்களில் அதை மேய்ந்தால் கன்று வளைந்த கால்களோடு பிறக்கும்.

வெயில்முற்றம்:

முதல் வகை பூத்துவிட்டது. நீலம், அடியிலிருந்து மேலாக விரிகிறது. சிறகை அழுத்தினால் நூல் மாதிரி மகரந்தம் வந்தது, பிரித்தால் ஐந்து நீளம் ஐந்து உருண்டை, பத்தும் அடியில் ஒன்றாக. பெரிய இலையில் 13 சிற்றிலைகள், மேல்பக்கம் வழுவழுப்பு, அதனால் பாலிஃபில்லஸ் அல்லது அதன் கலப்பினம் என்று எழுதிக்கொண்டேன். கறுத்த காயில் அடிக்காம்பும் மூக்கும் இருக்கின்றன, ரோமம் இல்லை, பாப்டீசியாதான். கொடுத்தவரிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி: லூப்பின்கள் நெருக்கமாக முளைத்துவிட்டன, பூ முடிந்ததும் சிலவற்றைத் தோண்டி வேறு இடத்தில் வைக்கலாமா?

நெற்றுக்குலை பதில்:

வேண்டாம். ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும், வளர்ந்த செடியைத் தோண்டினால் வேர் அறுந்து பெரும்பாலும் பிழைக்காது. விதை எடுத்து வேண்டிய இடத்திலேயே நேராக ஊன்றுங்கள், அதுதான் நல்லது. நெற்று கரும்பழுப்பாக மாறத் தொடங்கியதும், வெடிப்பதற்கு முன்னால், கதிரின் மேல் மெல்லிய துணிப்பையைப் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு விதை கூடக் கையில் மிஞ்சாது. விதைத்தோல் கடினம், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் முளைப்பு சீராக வரும். கலப்பினமாக இருந்தால் தாய்ச்செடியின் நிறமே பிள்ளைச் செடிக்கும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முளைக்கும்போது தடித்த பச்சை வித்திலைகள் இரண்டு மண்ணுக்கு மேலே வரும், அடுத்து வரும் இலையே விரல் மாதிரி பிரிந்திருக்கும், களை எடுக்கும்போது அதைப் பார்த்து விட்டுவிடுங்கள்.